மரச்சட்டகக் களஞ்சியங்கள் : வேளாண் வரலாற்றின் எழுதா ஆவணங்கள்

முன்னுரை

கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவை வரலாற்றுச் சான்றுகளாக ஏற்கப்பட்ட அளவுக்கு உழவர் கட்டடங்கள் ஏற்கப்படவில்லை. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள இடைக்கால மரச்சட்டகக் களஞ்சியங்கள் இக்குறையை நேர்செய்யும் தன்மையன. அவற்றைச் சான்றாகக் கொள்ளும் முறையியலை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

‘பார்ன்’ என்னும் ஆங்கிலச் சொல், பழைய ஆங்கிலத்தில் ‘பார்லி மனை’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லிலிருந்து பிறந்தது. இதனைக் ‘களஞ்சியம்’ எனப் பெயர்ப்பது வழக்கமெனினும் பொருள் முழுமையாக அமைவதில்லை. தமிழகத்தில் மரபாகக் கதிரடிப்பு வெட்டவெளிக் களத்தில் நிகழ்ந்தது. தூற்றிய நெல்லே குதிரையும் பத்தாயத்தையும் சேர்ந்தது. ஈரக் காலநிலை கொண்ட இங்கிலாந்திலோ அரிக்கட்டுகளே கூரையின்கீழ் அடுக்கப்பட்டு, குளிர்காலம் முழுவதும் அங்கேயே சிறிதுசிறிதாக அடிக்கப்பட்டன. எனவே, போரும் களமும் ஒருங்கே அமைந்த மனை அது. எதிரெதிராக அமைந்த பெருங்கதவுகளும் அவற்றிடையே உள்ள அடிதளமும் இப்பயன்பாட்டின் விளைவுகளே.

கிரெசிங் டெம்பிள் களஞ்சியங்கள்

எசெக்ஸ் வட்டாரத்தின் கிரெசிங் பண்ணை 1137இல் டெம்ப்ளர் எனப்படும் சமயப் போர்வீரர் அமைப்புக்குக் கொடையாக வழங்கப்பெற்றது. அங்குள்ள பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் ஓக் மரத்தால் ஆனவை. இவற்றை ஆராய்ந்த செசில் ஹியூவெட், மர இணைப்புகளின் வளர்ச்சி வரிசையைக் காலக்கணிப்புக்கு அடிப்படையாகக் கொண்டார். வெட்டுத்தடமிட்டு ஒன்றன்மேல் ஒன்றைப் படியவைக்கும் இணைப்பு முந்தையது. அதன் இடத்தைத் துளையும் கழுந்தும் பொருந்தும் இணைப்பு பின்னர்ப் பெற்றது. இவ்வரிசைப்படி பார்லிக் களஞ்சியமே மூத்தது என அவர் கண்டார். பின்னர் நிகழ்ந்த மரவளைய ஆய்வு பார்லிக் களஞ்சியத்தை ஏறத்தாழ 1205–1230 எனவும், கோதுமைக் களஞ்சியத்தை ஏறத்தாழ 1257–1280 எனவும் கணித்து, அவ்வரிசையை உறுதிசெய்தது.

ஓக் மரம் உலர்த்தப்படாமல் பச்சையாகவே இழைக்கப்பட்டதால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரிதும் விலகுவதில்லை. எனினும், பார்லிக் களஞ்சியம் பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டது. பழுதுபார்ப்பில் புதிய மரம் சேர்வதும், வேறு கட்டடத்தின் பழைய மரம் மீளப் பயன்படுவதும் இயல்பாகலின், ஒரு சட்டத்தின் காலத்தை முழுக் கட்டடத்தின் காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஹார்மண்ட்ஸ்வொர்த் பெருங்களஞ்சியம்

இலண்டனுக்கு மேற்கே, வின்செஸ்டர் கல்லூரியின் பண்ணையில் 1426–27இல் எழுந்த இக்களஞ்சியம் ஏறத்தாழ 58 மீட்டர் நீளமும் 12 கண்ணறைகளும் கொண்டது. இங்கு எழுத்தாவணமும் மரவளையச் சான்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. இதனைத் ‘தசமபாகக் களஞ்சியம்’ எனச் சுட்டும் வழக்கு பிழையானது. இது திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கைச் சேர்க்க எழுந்ததன்று, நிலவுடைமையாளரின் சொந்த விளைச்சலுக்குரியது. பெயரில் நேரும் பிழை, விளைச்சல் எவருக்கு உரியதாயிற்று என்னும் அடிப்படை வினாவுக்கே தவறான விடையைத் தந்துவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. கட்டட அமைப்பு தொழில்முறையை உணர்த்துகிறது; இணைப்புகள் தச்சு மரபின் வளர்ச்சியை உணர்த்துகின்றன; அளவு, விளைச்சலைத் திரட்டிய உடைமையாளரின் வலிமையை உணர்த்துகிறது. இவை கட்டடம் தன் இடத்தில் முழுமையாக நிற்கும்வரையே கிட்டும். பிரித்து விற்கப்பட்ட சட்டம் அழகுப் பொருளாகலாம், சான்றாகாது.

இம்முறையியல் தமிழாய்வுக்கும் உரியது. தேக்கு தெளிவான ஆண்டுவளையங்களைக் கொண்ட மரமாதலின் மரவளைய ஆய்வுக்கு இடந்தருவது. பழைய மனைகளின் பத்தாயங்களையும் கூரைச் சட்டங்களையும், அவை பிரிக்கப்படும் முன்னரே, இணைப்பு வகை, தச்சர் இட்ட குறி, கொள்ளளவு, வழங்கு பெயர் ஆகியவற்றோடு பதிவுசெய்தல் வேண்டும். சொல்லாய்வும் பொருளாய்வும் இணையும் இடம் இதுவாகும்.