அட்டையில் பொருந்திய மூடி, தகட்டில் பொருந்தவில்லை

பதினொன்றாம் வகுப்புத் தொழிற்கல்வி மாணவர்களுக்குச் சென்ற பருவத்தில் ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். சிறிய மின்பெட்டிக்கு 1 மி.மீ. ஜி.ஐ. தகட்டில், கவிழ்த்த 'ப' வடிவில் மூடி செய்ய வேண்டும். மேற்புறம் 60 மி.மீ., பக்கங்கள் 30 மி.மீ.; எல்லாம் வெளி அளவுகள். மாணவர்கள் மூன்றையும் கூட்டி, கணினியில் 120 மி.மீ. பட்டையாக வரைந்து, 30, 90 ஆகிய இடங்களில் வளைப்புக் கோடு போட்டார்கள். அட்டையில் மடித்துப் பார்த்தோம், கச்சிதமாக இருந்தது. தகட்டை வளைத்ததும் அகலம் ஏறக்குறைய 62 ஆகிவிட்டது. திருகுத் துளைகளும் ஒரு மி.மீ. அளவுக்குக் கீழே இறங்கிவிட்டன.

"கம்ப்யூட்டர் தப்பாக் கணக்குப் போட்டிருச்சு சார்" என்றான் ஒருவன். கணினி கணக்கே போடவில்லை. கூட்டியவர்கள் அவர்கள், சரி என்றவன் நான்.

அட்டைக்குத் தடிமன் பொருட்டில்லை, தகட்டுக்கு உண்டு. வளைவின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் அமுங்கும். இடையில் நீளம் மாறாத ஓர் அடுக்கு இருக்கும். உட்பரப்பிலிருந்து அது எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைத் தடிமனின் பங்காகச் சொல்வதே கே-காரணி. இது தகட்டுக்குத் தகடு, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆகவே புத்தக எண்ணை அப்படியே எடுக்காமல் அளந்து பார்த்தோம்.

100 மி.மீ. பட்டையை நடுவில் செங்கோணமாக வளைத்து, இரு கைகளின் வெளி அளவையும் வெர்னியரால் எடுத்தோம். கூட்டினால் 101.8. அதாவது ஒரு வளைவுக்கு 1.8 மி.மீ. கழிக்க வேண்டும். உள் ஆரம் 1 மி.மீ.; ஆரமும் தடிமனும் சேர்ந்து 2, அதன் இருமடங்கு 4. அதில் 1.8 போக 2.2. இதுதான் வளைவுக்குள் செல்லும் தகட்டின் நீளம். அதைப் பையின் பாதியால், அதாவது 1.571ஆல் வகுத்தால் 1.4. ஆரத்தைக் கழித்தால் 0.4, தடிமன் 1 என்பதால் கே-காரணியும் 0.4. வட்டவில்லின் நீளம் காணும் பள்ளிக் கணக்குதான். பையன்கள் அதை இங்கே எதிர்பார்க்கவில்லை!

பிறகு ஃப்ரீகேட் என்ற கட்டணமில்லா மென்பொருளில், தகட்டு வேலைக்கான கூடுதல் தொகுப்பை நிறுவிக்கொண்டோம். இம்முறை விரிவுப் படத்தை நாங்கள் வரையவில்லை. மூடியை முப்பரிமாணத்தில் வளைந்த நிலையிலேயே அமைத்து, 0.4 கொடுத்து விரிக்கச் சொன்னோம். நீளம் 116.4 மி.மீ. என வந்தது. இரண்டு வளைவுகளுக்கும் 3.6 கழித்துக் கரும்பலகையில் நாங்கள் கண்ட விடையும் அதுவே.

இரண்டாவது மூடி பொருந்தியது. அடுத்து 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு தாங்கி செய்யப் போகிறோம். அதற்கான சோதனைப் பட்டையை வெட்டி வைத்திருக்கிறார்கள்.