சாவி கொடுத்த காலம்

நுழையும்முன்

பழம்பொருள் திரட்டுதல் ஒரு பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், நின்றுபோன ஒரு பொறியைத் திறந்து, அதன் இயக்கத்தை அறிந்து, மீண்டும் இயங்கச் செய்பவர் அந்தப் பொறியைப் படைத்த மனிதர்களின் வாழ்வையும் அறிந்துகொள்கிறார். சாவி கொடுத்து இயக்கும் அலாரக் கடிகாரம் அத்தகைய பொறிகளுள் ஒன்று. அதைச் சீர்செய்வோர் எதைத் தொட வேண்டும், எதைத் தொடலாகாது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விழித்தெழும் தேவை

உழவரைச் சேவலின் குரலும் கதிரவனின் ஒளியும் எழுப்பின. ஆலைகள் பெருகியபின் அவை போதவில்லை. குறித்த நிமிடத்தில் ஆலை வாயிலில் நிற்காத தொழிலாளி கூலியை இழக்க நேர்ந்தது. பிரித்தானியத் தொழில் நகரங்களில் நீண்ட கழியால் சன்னலைத் தட்டித் தொழிலாளரை எழுப்புவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தனர்.

விரும்பிய நேரத்தில் ஒலிக்குமாறு அமைத்துக்கொள்ளும் அலாரக் கடிகாரத்திற்கு 1847இல் பிரான்சு நாட்டின் அந்துவான் ரெதியே காப்புரிமை பெற்றார். எனினும், எளியோர் வாங்கத்தக்க விலையில் அது கிடைக்க மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. அம்மாற்றத்திற்குப் பங்களித்த நிறுவனங்களுள் ஒன்று, 1885இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பெரு என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. கடிகாரத்தின் சிறு பற்சக்கரங்களை உருகிய உலோகத்தை வார்த்து அமைக்கும் முறையை அது கையாண்டது. இதனால் உற்பத்திச் செலவு குறைந்தது. வெஸ்ட்கிளாக்ஸ் என்று பின்னர்ப் புகழ்பெற்ற அந்நிறுவனம் 1908இல் ‘பிக் பென்’ என்னும் அலாரக் கடிகாரத்தை உருவாக்கியது. கடிகாரம் திரட்டுவோர் இன்றும் விரும்பித் தேடும் வகைகளுள் அது முதன்மையானது.

இரண்டு வில்கள்

இத்தகைய கடிகாரத்தின் பின்புறத்தில் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று நேரம் காட்டும் பகுதிக்கு உரியது. மற்றொன்று ஒலியெழுப்பும் பகுதிக்கு உரியது. சாவி கொடுக்கும்போது எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. கையின் உழைப்பு வில்லில் நிலையாற்றலாகச் சேர்கிறது. அந்த ஆற்றல் ஒரே நொடியில் வெளியேறிவிடாமல், இருபுறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரமும் அதனோடு இணைந்த கவை போன்ற நெம்பும் தடுக்கின்றன. ஒவ்வோர் ஊசலின்போதும் பற்சக்கரம் சிறிதளவே நகர அவை இடம்தருகின்றன. ‘டிக் டிக்’ என்னும் ஒலி அந்தத் தடுத்தலின் ஒலியே.

அலாரத்தின் அமைப்பு இன்னும் எளியது. மணிமுள்ளோடு சேர்ந்து பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலும் சக்கரத்தில் ஒரு பள்ளம் உண்டு. அலாரத்திற்கென அமைத்த மேடு, குறித்த நேரத்தில் அந்தப் பள்ளத்தினுள் இறங்குகிறது. அதுவரை சுத்தியலைப் பிடித்திருந்த மெல்லிய தகடு விலகுகிறது. இரண்டாவது வில் விடுபட்டு, சுத்தியல் விரைந்து அடிக்கத் தொடங்குகிறது. தொடக்ககால பிக் பென் கடிகாரத்தில் பின்மூடியே மணியாகவும் ஒலித்தது. முகப்பு பன்னிரண்டு மணி நேரத்தை மட்டுமே அறிவதால், விடியற்காலை 5 மணிக்கு எழ விரும்புவோர் முந்தைய மாலை 5 மணிக்குப் பிறகே அலாரம் வைக்க வேண்டும்; முன்னரே வைத்தால் மாலையிலேயே ஒலித்துவிடும்.

சீர்செய்யும் முறை

நின்றுபோன கடிகாரம் உடைந்த கடிகாரம் ஆகிவிடாது. பெரும்பாலும் பல்லாண்டுகளுக்கு முன் இட்ட எண்ணெய் பசையாகி, தூசியோடு சேர்ந்து அச்சு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை அறியாதவர் புதிய எண்ணெயை உள்ளே ஊற்றுவர். கடிகாரம் சில நாள் ஓடும். பிறகு, அழுக்கும் எண்ணெயும் கலந்த குழம்பு மணற்காகிதம்போல் உலோகத்தைத் தேய்க்கும்.

அறிந்தவர் முதலில் பார்க்கிறார். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் படமெடுக்கிறார் அல்லது வரைகிறார். அடுத்து, இரண்டு வில்களையும் தளர்த்துகிறார். இறுகிய வில்லோடு பொறியைப் பிரித்தால் சக்கரங்களின் பற்கள் முறியும், கையும் காயமுறும். பின்னர் உறுப்புகளைப் பிரித்துக் கழுவி உலர்த்துகிறார். அச்சு சுழலும் சிறு துளைகளைக் கூர்மையான மரக்குச்சியால் துடைக்கிறார். தேய்ந்து அகன்ற துளையில் சிறு பித்தளை வளையம் பொருத்துகிறார். மயிரிழை போன்ற சுருளைத் தொடும்போது மூச்சையும் அடக்கிக்கொள்கிறார். அது சிறிது வளைந்தாலும் கடிகாரம் நேரம் தவறும். இறுதியில் அச்சு முனைகளில் மட்டும் ஊசிமுனையளவு எண்ணெய் இடுகிறார். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் வேண்டுவதில்லை.

மாற்றலாகாதவை

பொறி ஓடத் தொடங்கியதும் கடிகாரத்தைப் புதியதுபோல் ஆக்கும் ஆசை எழும். பழுத்த முகப்பை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். மங்கிய நிக்கல் பூச்சைப் பளபளக்கத் தேய்க்கலாம். ஆனால், மெல்லிய பூச்சு தேய்ந்தால் திரும்பாது. முற்காலத்தில் பழுதுபார்த்தோர் உள்தகட்டில் கீறிவைத்த நாளும் எழுத்தும் அழிந்தால் கடிகாரத்தின் வரலாறும் அழியும்.

இதற்குப் போர்க்காலக் கடிகாரமே சான்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அமெரிக்க அரசு அலாரக் கடிகார உற்பத்தியை நிறுத்தியது. விரைவிலேயே அதன் விளைவு தெரிந்தது. பழைய கடிகாரங்கள் பழுதடைய, போர்த்தளவாட ஆலைகளுக்குத் தொழிலாளர் தாமதமாக வந்தனர். எனவே, 1943இல் உலோகத்தைக் குறைத்து எளிய கடிகாரங்கள் செய்ய இசைவு தரப்பட்டது. வெஸ்ட்கிளாக்ஸ் அவ்வாறு செய்த ‘வார் அலாரம்’ கடிகாரத்தின் கூடு உலோகத்தால் ஆனதன்று. அழுத்திய நாரால் ஆனது. அழகற்ற அந்தக் கூட்டை மாற்றிவிட்டால் கடிகாரம் எழிலுறலாம். ஆனால், அது சொல்லவந்த செய்தி ஊமையாகிவிடும்.

ஒளிரும் எண்கள்

தொடவே கூடாத ஓர் உறுப்பும் உண்டு. இருளிலும் நேரம் தெரிய, பழைய கடிகாரங்கள் பலவற்றின் எண்களிலும் முட்களிலும் ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த வண்ணம் தீட்டப்பட்டது. வெஸ்ட்கிளாக்ஸ் முகப்புகளுக்கு இவ்வண்ணம் தீட்டிய ‘ரேடியம் டயல்’ நிறுவனம், அதே மாநிலத்தின் ஒட்டாவா என்னும் ஊரில் இயங்கியது. அங்கே பணியாற்றியோர் இளம்பெண்கள். தூரிகையின் முனை கூர்மையாக இருக்க, அதை உதடுகளில் வைத்துச் சுழற்றுமாறு பழக்கப்பட்டிருந்தனர். வண்ணம் தீங்கற்றது என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது.

வேதியியல் பண்பில் ரேடியம் கால்சியத்தை ஒத்தது. ஆகவே, உடல் அதை எலும்பில் சேர்த்தது. தாடையெலும்புகள் அரித்தன, பலர் இளமையிலேயே இறந்தனர். நியூ ஜெர்சியில் இதே தொழிலால் நோயுற்ற ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் உடன்பாட்டில் முடிந்தது. ஒட்டாவாவின் கேத்தரின் வுல்ஃப் டோனஹூ, எழுந்து நடக்க இயலாத நிலையில், தம் வீட்டில் படுத்தபடியே சாட்சியம் அளித்தார். 1938இல் மாநிலத் தொழில் ஆணையம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலையில் அவர் மறைந்தார். நிறுவனத்தின் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 1939இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்ததும் அத்தீர்ப்பு நிலைத்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கான விதிகள் வலுப்பெற இப்பெண்களின் போராட்டம் துணைநின்றது. பின்னாளில் இல்லினாய்ஸ் மாநிலப் பள்ளி மாணவி ஒருவர் இவ்வரலாற்றைப் படித்து எடுத்த முயற்சியால், 2011இல் ஒட்டாவாவில் அவர்களுக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். வண்ணத்திலுள்ள துத்தநாக சல்பைடு சில ஆண்டுகளில் சிதைந்து ஒளியை இழக்கிறது. ஆகவே, ஒளிராத பழைய முகப்பு தீங்கற்றது என்று கருதக் கூடாது. அதைச் சுரண்டினாலோ துடைத்தாலோ எழும் தூசி உடலுக்குள் செல்லும். ஐயத்திற்குரிய கடிகாரத்தின் கண்ணாடியைத் திறக்காமல், கதிரியக்கம் அளக்கும் கருவி கொண்ட வல்லுநரிடம் காட்டுவதே முறை.

காப்பவரின் கடமை

இவற்றை அறிந்தவர் மேசைமேல் பழைய அலாரக் கடிகாரம் ஒன்று வரும்போது, தம் திறமைக்கு எல்லை வகுத்துக்கொள்கிறார். சக்கரங்களைத் துலக்குகிறார்; வில்லுக்கு உயிர் தருகிறார். ஒளி இழந்த எண்களை அவ்வாறே விட்டுவைக்கிறார். அவ்வெண்களைத் தீட்டியவர் பெயர் கடிகாரத்தில் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவர் கை பட்டதற்கு எஞ்சிய அடையாளம் அந்தத் தீற்றல் ஒன்றே. பழையதைப் புதியதாக்குவது கைத்திறன். பழையதன் பொருளைக் கெடாமல் காப்பது அறிவு. இரண்டும் சேர்ந்ததே மீட்டெடுத்தல்.