ஃபெனிபட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஃபெனிபட், 1960களில் சோவியத் ஒன்றியத்தில் உருவான பதற்றத் தணிப்பு மருந்து. மூளையின் பரபரப்பை அடக்கும் நரம்புக்கடத்தியான காபாவின் மூலக்கூறுடன் ஃபீனைல் வளையம் ஒன்று சேர்ந்ததே இதன் அமைப்பு. ரஷ்யாவில் பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கின்றனர். வேறு பல நாடுகளில் இது இணையக் கடைகள் வழியே பரவியது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் பரவின.

நம்பிக்கை: மூளையில் இயற்கையாகவே உள்ள பொருள்தான் இது, தீங்கு செய்யாது.
உண்மை: மூளையில் இருப்பது காபா, ஃபெனிபட் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. வாய்வழி உட்கொள்ளும் காபா, இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஃபீனைல் வளையம் அந்தத் தடையைத் தாண்ட உதவுகிறது. உள்ளே சென்ற மருந்து காபா-பி ஏற்பிகளைத் தூண்டுகிறது. தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பேக்லோஃபென், இதே மூலக்கூறில் ஒரு குளோரின் அணு கூடியது.

நம்பிக்கை: சோவியத் விண்வெளி வீரர்களின் மருந்துப் பெட்டியிலேயே இருந்தது, எவரும் அன்றாடம் உட்கொள்ளலாம்.
உண்மை: அந்தப் பெட்டி, மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்களின் அவசரத் தேவைக்கானது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அது சான்றாகாது.

நம்பிக்கை: பலன் தெரியாவிட்டால் இன்னொரு முறை உட்கொள்ளலாம்.
உண்மை: இதன் விளைவு தெரியச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் மீண்டும் உட்கொண்டால் இரு அளவுகளும் ஒன்றுசேர்ந்து மயக்கம், குழப்பம், மூச்சுத் தளர்ச்சி வரை கொண்டுபோகும். மதுவோ வேறு தூக்க மருந்தோ சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும்.

நம்பிக்கை: சத்துப்பொருளாக விற்கப்படுவதால் அரசு ஏற்றதுதான்.
உண்மை: உணவுச் சத்துப்பொருளுக்கான வரையறைக்குள் ஃபெனிபட் வராது என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. அந்நாட்டு நச்சுத் தகவல் மையங்களுக்கு 2009 முதல் 2019 வரை ஃபெனிபட் தொடர்பாக 1,320 அழைப்புகள் வந்தன. ஆஸ்திரேலியா 2018இல் இதைத் தடைசெய்தது.

நம்பிக்கை: பழக்கமாகாது, நினைத்தபோது விட்டுவிடலாம்.
உண்மை: தொடர்ந்து உட்கொண்டால் உடல் பழகிவிடும், அதே பலனுக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். சட்டென நிறுத்தினால் கடும் பதற்றம், தூக்கமின்மை, நடுக்கம், மாயத்தோற்றங்கள் தோன்றலாம். எனவே மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கின்றனர். சிலருக்கு அதன் இடத்தில் பேக்லோஃபென் கொடுத்து, பிறகு அதையும் மெல்லக் குறைத்து நிறுத்துகின்றனர்.