கடைச் சிப்பந்தியின் பிள்ளைக்கு ஆட்டிசம் என்றால்: காப்பீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை

காந்தி மார்க்கெட் மண்டிகளிலும், பெரிய கடைவீதியிலும், ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் நம் உறுப்பினர்களின் கடைகளில் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் சிப்பந்திகள் அநேகர். அவர்களில் ஒருவர் வாரம் இரண்டு நாள், "பையனைப் பயிற்சிக்கு அழைத்துப் போகணும்" என்று நேரம் கேட்டால், என்ன பயிற்சி என்று நாம் விசாரிப்பதில்லை. விசாரித்தால்தான் விஷயம் தெரியும். நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. டாக்டர் ஆட்டிசம் என்கிறார்.

இது காய்ச்சல் போல் நாலு நாள் மருந்தில் தீர்வதன்று. பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, தன் வேலையைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி என்று ஆண்டுக்கணக்கில் செலவு ஆகும். சில பிள்ளைகளுக்கு வலிப்பும் சேர்ந்து வருவதுண்டு. கடைச் சம்பளத்தில் இது முடிகிற காரியமா?

முதல் வழி ஈ.எஸ்.ஐ. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு இது கட்டாயம். 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, பத்துக்குக் குறைவானவர்கள் உள்ள கடையும், முதலாளியும் பெரும்பான்மைச் சிப்பந்திகளும் சம்மதித்தால், தாமாகவே சேரலாம். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், சிப்பந்தியின் பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நாம் கட்டுவது 390, அவர் கட்டுவது 90. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி.

இந்தத் தொகைக்குச் சிப்பந்தியின் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் உண்டு. அதில் நம்மில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. படிக்கும் பிள்ளை என்றால் 21 வயதோடு உரிமை முடிந்துவிடும். ஆனால் உடல் அல்லது மனக் குறைபாட்டால் பெற்றவரின் சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்தக் குறைபாடு இருக்கும்வரை உரிமை உண்டு. வயது கணக்கில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் இருந்த ஏற்பாடு இது. தனக்குப் பிறகு இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று தவிக்கும் தகப்பனுக்கு, தான் வேலையில் இருக்கும் காலம் வரையாவது இது பெரிய தெம்பு.

பதினோரு பேர் வேலை செய்யும் கடையில் ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டும் பழக்கம் நம் வீதிகளில் இல்லை என்று சொல்வதற்கில்லை. மாதம் சில ஆயிரம் மிச்சமாகலாம். இழப்பு அந்தப் பிள்ளைக்கு. அதேபோல் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20,500 வாங்குபவருக்கு அன்போடு ஆயிரம் ரூபாய் கூட்டினால், நடப்பு அரையாண்டு முடிந்ததும் அவர் திட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார். கூட்டுமுன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஈ.எஸ்.ஐ. மட்டும் போதுமா? டாக்டர், மருந்து, படுக்கை வைத்தியம் கிடைக்கும். வாரந்தோறும் வெளியில் கொடுக்கும் பயிற்சிக் கட்டணந்தான் இடிக்கும். அதற்கென்றே உள்ளது மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பில்லை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனையும் இல்லை. பயிற்சிக் கட்டணம், வெளிநோயாளி வைத்தியம், போக்குவரத்துச் செலவு ஆகியவையும் உட்பிரிவு வரம்புகளுக்குள் அடங்கும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். டிரஸ்டில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முதலில் நாம் செலவழித்துப் பிறகு பெறும் முறையாதலால், அசல் பில்கள் பத்திரம். பில் சேர்த்து வைக்கும் வித்தையை வணிகர்கள் நாம் சொல்லிக்கொடுக்கலாமே!

தனியார் குரூப் பாலிசி எடுப்போர் கையெழுத்திடுமுன், வெளிநோயாளிப் பயிற்சி உண்டா, ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு தளருமா, ஏற்கெனவே உள்ள குறைபாட்டுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 2001-லேயே ஆட்டிச வைத்தியத்தைக் காப்பீட்டில் சேர்க்கச் சட்டம் போட்டது. இங்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஊனமுற்றோருக்கான பாலிசி ஒன்றை ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது. எனவே "எங்களிடம் இல்லை" என்று ஏஜெண்ட் சொன்னால் விட்டுவிட வேண்டாம்.

நிராமயாவுக்கும் ஊனமுற்றோர் பாலிசிக்கும் முதற்படி ஊனச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. திருச்சி அரசு பொது மருத்துவமனையில் இதற்காக விசாரிக்கலாம். பல நாள் அலைய நேரும் என்பதால், சிப்பந்திக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் குடும்ப விவரம் பதியும்போது பிள்ளையின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும்படி கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். நிராமயா பாலிசி மார்ச் 31-ஆம் தேதியோடு முடிவது. நாம் கணக்கு முடிக்கும் அதே நாள். புதுப்பிக்க வேண்டிய லைசென்சுகளின் பட்டியலிலேயே இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.