நிரலுக்கு ஓர் உரை

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரைக் கொங்கு மண்டலத்து நிரம்பை என்னும் ஊரினர் என்பர். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் சுருங்கச் சொன்ன யாழ், குழல், ஆடல், அரங்கு ஆகியவற்றின் இலக்கணத்தை அவர் விரித்துரைத்தார். பஞ்சமரபு, இந்திரகாளியம் முதலிய நூல்களைச் சான்று காட்டினார். அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தை உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் பதிப்பித்தார். கானல்வரிக்கும் வஞ்சிக்காண்டத்திற்கும் அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை. உரை கிடைத்த பகுதியின் தெளிவே கிடைக்காத பகுதியின் இழப்பை உணர்த்துகிறது.

கணினி நிரலுக்கும் உரை வேண்டும். நிரலை எழுதியவர் வேறு பணிக்குச் செல்லலாம். நிரலோ பல்லாண்டு இயங்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒன்றின் சொட்டுநீர்ப் பாசனத்தை ஒரு நிரல் இயக்குவதாகக் கொள்வோம். அதில் 'மோட்டார்' ஓர் இனக்குழு. 'நீர்பாய்ச்சு' அதன் செயற்கூறு. 'காலம்' அச்செயற்கூற்றின் அளபுரு. எழுதியவர் காலத்தை நிமிடத்தில் கருதினார். ஆனால் குறித்து வைக்கவில்லை. பின்வந்தவர் அதனை நொடி எனக் கொண்டு, அரைமணி நேரத்திற்காக 1800 என இடுகிறார். மோட்டார் 30 மணி நேரம் ஓடும். கிணறு வற்றும்; மோட்டார் கருகும். ஒற்றைச் சொல் விளக்கம் இதனைத் தடுத்திருக்கும்.

இவ்விளக்கத்தை நிரலுக்குள்ளேயே எழுத வழியுண்டு. ஜாவா மொழியில் ஒரு சாய்கோடும் இரண்டு உடுக்குறிகளும் இட்டுத் தொடங்குவர். ஜாவாடாக் என்னும் கருவி அதனைப் படித்து இணையப் பக்கங்களாக அமைத்துத் தரும். சி ஷார்ப் மொழியில் மூன்று சாய்கோடுகளை அடுத்து, எக்ஸ்.எம்.எல். என்னும் குறியிடு மொழியின் ஒட்டுகளை எழுதுவர். 'சம்மரி' என்னும் ஒட்டு பொழிப்புரை போன்றது. செயற்கூற்றின் நோக்கத்தைச் சுருக்கிச் சொல்லும். 'பராம்' பதவுரை போன்றது; அளபுரு ஒவ்வொன்றையும் விளக்கும். 'ரிட்டர்ன்ஸ்' திருப்பி அனுப்பும் மதிப்பையும், 'எக்செப்ஷன்' நேரக்கூடிய பிழைச்சூழலையும் உரைக்கும்.

ஒட்டுகள் பகுதிகளைப் பிரித்துக் காட்டுவதால் கணினியும் அவற்றைச் சரிபார்க்க இயலும். விளக்க ஆவணம் உருவாக்குமாறு பணித்திருப்பின், ஒட்டில் உள்ள அளபுருவின் பெயர் செயற்கூற்றில் இல்லாதபோது நிரல்பெயர்ப்பி எச்சரிக்கும். ஆயினும், நிமிடத்தை நொடி என எழுதிய பொருட்பிழையை அது அறியாது. நிரலை மாற்றுந்தோறும் உரையையும் திருத்துவது எழுதுவோர் கடமை. பொய்யான உரை, உரையின்மையினும் தீது.

கற்பவை கற்றபின்...

1. பொழிப்புரை, பதவுரை ஆகியவற்றை நிரல் விளக்க ஒட்டுகளுடன் ஒப்பிட்டு உரையாடுக.
2. 'நீர்பாய்ச்சு' என்னும் செயற்கூற்றுக்கு நோக்கம், அளபுரு, அலகு, பிழைச்சூழல் ஆகியன விளங்க ஐந்து வரிகளில் உரை எழுதுக.