கனத்த கான்கிரீட்டில் லேசான உமிச்சாம்பல்

"கனமானதுதான் உறுதியானது" என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அடர்த்தி பாடம் நடத்தும்போது இதைத் தெளிவாக்க நான் எடுத்துக்கொள்ளும் பொருள் கனத்த கான்கிரீட்.

காமாக் கதிர்களைத் தடுக்க, அணு உலைகளிலும் கதிர்வீச்சு சிகிச்சை அறைகளிலும் இதைப் பயன்படுத்துவது உண்டு. சாதாரண கான்கிரீட் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. கருங்கல் ஜல்லிக்குப் பதில் பாரைட், மேக்னடைட் போன்ற கனிமக் கற்களைப் போட்டால் 3,500 கிலோ வரையிலும், அதற்கு மேலும் கிடைக்கும்.

இந்தக் கலவையில் சிமெண்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக உமிச்சாம்பலைச் சேர்க்கலாம் என்றதும், "சாம்பல் லேசாயிற்றே, கனம் குறையாதா?" என்று யாராவது கேட்பார்கள். பதிலை நான் சொல்வதில்லை. கணக்குப் போடச் சொல்கிறேன்.

ஒரு கனமீட்டரில் சிமெண்ட் 400 கிலோ என்று கொள்வோம். அதில் 10 சதவீதம் 40 கிலோ. சிமெண்ட்டின் ஒப்படர்த்தி 3.15; எனவே 40 கிலோ பிடிக்கும் இடம் 12.7 லிட்டர். சாம்பலின் ஒப்படர்த்தி சுமார் 2.1, அது பிடிக்கும் இடம் 19 லிட்டர். வேறுபாடு 6 லிட்டர்தான். மொத்தமோ 1,000 லிட்டர்! கனம் கல்லிலிருந்து வருகிறது; பிணைப்பு பசையிலிருந்து வருகிறது என்பது மாணவர்களுக்கே புலப்படும்.

சாம்பல் என்ன செய்கிறது? சிமெண்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. அது வலிமைக்கு அதிகம் உதவாது. நன்கு எரிந்த உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இவை இரண்டும் வினைபுரிந்து மேலும் கால்சியம் சிலிக்கேட் பசையாகின்றன, நுண்துளைகள் அடைபடுகின்றன. சாம்பல் அளவுக்கு மீறினால், வினைபுரியச் சுண்ணாம்பு இல்லாமல் மிஞ்சியது வெறும் தூளாகவே நிற்கும்; வலிமை குறையும்.

எல்லாச் சாம்பலும் உதவாது. கறுத்த சாம்பலில் எரியாத கரி இருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். மிக அதிக வெப்பத்தில் நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகி, வினைபுரியும் திறன் குறையும். நன்றாக அரைத்திருக்கவும் வேண்டும்.

செயல்பாடு: 0, 10, 30 சதவீதச் சாம்பலுடன் மூன்று சிறு காரைக் கட்டிகள் செய்யுங்கள். மணலும் தண்ணீரும் மூன்றிலும் ஒரே அளவு. முகக்கவசம், கையுறை அணிந்து ஆசிரியரே கலக்க வேண்டும். 28 நாள் ஈரத்தில் வைத்து, உலர்த்தி எடை போடுங்கள். ஒரு நாள் நீரில் ஊறவிட்டு மீண்டும் எடை போடுங்கள். கூடிய எடையே துளைகளின் அளவுகோல். முடிவு எதிர்பார்த்தபடி இல்லையென்றால், சாம்பலின் நிறத்தையும் நயத்தையும் மாணவர்கள் ஆராயட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு: நெல்லில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 1,000 கிலோ நெல்லுக்கு எவ்வளவு சாம்பல்? அதே 40 கிலோ! அரிசி ஆலையிலிருந்து பறந்து வந்து பிள்ளைகளின் கண்ணை உறுத்தும் தூசு, சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டுச் செய்யும் சிமெண்ட்டில் அவ்வளவையும் மிச்சப்படுத்தும்.