செல்போன் செயலி சோறு போடுமா?



"டிப்ளமோ முடிச்சதும் யார்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன். சொந்தமா ஒரு ஆப் பண்ணி பிளே ஸ்டோர்ல போட்டுடுவேன்!" என்று சொல்லும் நண்பர்கள் கம்ப்யூட்டர் பிரிவில் வகுப்புக்கு நாலு பேராவது உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் வீட்டில் கல்விக்கடன் நிற்கும்போது ஆசையோடு கணக்கும் வேண்டும். போட்டுப் பார்ப்போமா?

செலவு: கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே முறை. ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர். கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதனை நடத்திய பிறகே செயலியை வெளியிட விண்ணப்பிக்க முடியும். விடுதி நண்பர்கள் இருக்கிறார்கள், கவலையில்லை!

வரவு: விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறிய ஆட்களுக்கான கமிஷனை இரு நிறுவனங்களும் 2021-ல் 15 சதவீதமாகக் குறைத்தன. வரியை விட்டுவிட்டாலும் கைக்கு வருவது 85 ரூபாய். மாதம் 15,000 வேண்டுமானால் 177 பேர் வாங்க வேண்டும். போன மாதம் வாங்கினவர் மறுபடி வாங்க மாட்டார்; ஆக, மாதாமாதம் 177 புது ஆட்கள்! இறக்கிப் பார்ப்பவரில் நூற்றுக்கு ஒருவர் காசு கொடுத்தால்கூட, மாதம் சுமார் 17,700 பேர் இறக்க வேண்டும். லட்சக்கணக்கான செயலிகளுக்கு நடுவே நம்முடையது இவ்வளவு பேர் கண்ணில் எப்படிப் படும்?

அப்படியானால் வழியே இல்லையா? நம்ம ஏற்காட்டு மலையைப் பாருங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில், இங்கே காபி வந்தது. செடி நட்டால் பலன் பார்க்க மூணு நாலு வருஷம். அதனால் விவரமான விவசாயி காபியை மட்டும் நம்புவதில்லை. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடியை ஏற்றிவிடுகிறார். காபி விலை இறங்கினால் மிளகு கைகொடுக்கும்.

நமக்கு மிளகு எது? ஏற்காட்டு லாட்ஜுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் அறைப் பதிவு, வாடகை, ரசீது பார்க்க ஒரு சின்னச் செயலி. மாதம் 500 வீதம் 30 பேர் சேர்ந்தால் அதே 15,000. இவர்கள் அடுத்த மாதமும் கொடுப்பார்கள். ஆனால் சும்மா கிடைக்காது! "வாட்ஸ்அப்பே போதுமே தம்பி" என்பார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி ஓடணும். கோடை விழா நெரிசலில் கணக்கு நின்றுபோனால், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகணும். அந்த உழைப்புக்குத்தான் காசு.

மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-ல் வெளியிட்ட 'செல்லினம்' தமிழர் பலரும் இலவசமாகப் பயன்படுத்திவரும் செயலி. ஆப்பிள் கருவிகளில் உள்ள 'தமிழ் சங்கம் எம்.என்.' எழுத்துருவும் அவர் உருவாக்கியதே. செயலி பெயரைக் கொண்டுவரும். அதற்குப் பின்னால் இருக்கும் திறமைக்குத்தான் விலை.

ஆகவே நண்பர்களே, கடைசி வருஷத்திலேயே ஒரு செயலியை முழுசாக முடித்து வெளியிடுங்கள். கையில் ஒரு வேலை இருக்கட்டும். சாயங்காலம் சொந்தச் செயலி வளரட்டும். மாதம் காசு கொடுக்கும் பத்துப் பேர் சேர்ந்தபின் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை காபிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோம், மிளகையும் மறக்காமல்!